சத்தமில்லாத வண்டி

"ஒரே ஒரு போல்ட்டை மட்டும் லூசாக்கி விட்டுடுங்கண்ணே. அவருக்குத் தெரிய வேண்டாம்."

மெக்கானிக் காதுக்காரர் கையிலிருந்த ஸ்பேனரோடு அப்படியே நின்றார். இருபத்தெட்டு வருஷத் தொழிலில் இப்படி ஒரு வேலையை யாரும் அவரிடம் கொண்டு வந்ததில்லை. அதுவும் கேட்பது காரின் சொந்தக்காரருடைய மனைவி.

"எந்த போல்ட்டும்மா?" என்று கேட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பிரேக் கிரேக் எல்லாம் இல்ல. சைலன்சர்தான். முன்ன மாதிரி கடகடன்னு சத்தம் வந்தாப் போதும்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. பிரேக்கைக் கழற்றச் சொல்லியிருந்தால் பைத்தியம் என்று விரட்டியிருப்பார். இவள் கை வைக்கச் சொன்னது தொழிலில் அவர் சம்பாதித்த பேரில்.

அவருக்குக் காதுக்காரர் என்று பட்டம் வந்ததே சத்தத்தால்தான். பானெட்டைத் திறக்காமல், வண்டி வாசலில் திரும்புவதைக் கேட்டே நோவு எங்கே என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் மூன்று மாதம் ராப்பகலாக உழைத்து ஊமையாக்கிய வண்டி அது.

வந்தபோது அதற்கு இருபது வயது. இரண்டே கதவு, மலிவு விலைக் கார், உடம்பெல்லாம் ஓட்டை உடைசல். நாய் வாலில் தகர டப்பா கட்டிவிட்ட மாதிரி ஊரைக் கூட்டிக்கொண்டு ஓடும்.

காதுக்காரர் பழைய வண்டி உடைக்கும் கடைகளில் பழியாய்க் கிடந்தார். விபத்தில் நொறுங்கிய பெரிய கார் ஒன்றிலிருந்து சைலன்சர் கிடைத்தது. இன்னொன்றிலிருந்து இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள். கதவோரத்து ரப்பர் பீடிங்கும் ஷாக் அப்சார்பரும் வெளிக்கம்பெனி சரக்கு, புத்தம் புதுசு. எல்லாம் மாட்டி முடித்ததும் வண்டி பூனையாகிவிட்டது.

முடித்த அன்று அவரே ஓட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டார். வாசலில் நிறுத்திக் கதவைத் தட்டும்வரை உள்ளே யாருக்கும் தெரியவில்லை. கதவைத் திறந்த இவள் காரைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். பின்னால் நின்ற சின்னப் பெண் பேயைக் கண்டது போல உள்ளே ஓடினாள்.

வண்டி வந்தது தெரியாமல் வீடே ஆடிப்போய்விட்டது என்று அன்றைக்கே அவள் கணவரிடம் சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு பட்டறைக்கு வருகிற ஒருத்தரையும் அந்தக் கதையைச் சொல்லாமல் அவர் விட்டதில்லை.

கணவர் தங்கமான மனுஷர். 'அண்ணே' என்பதற்கு மேல் குரல் உயராது. வரும்போது தனக்கு ஒரு டீ வாங்கினால் இவருக்கும் ஒன்று வாங்கி வருவார். போன வாரம் சொன்ன நாளில் வர முடியாததற்கு அத்தனை முறை மன்னிப்புக் கேட்டார். சின்ன மகள் படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாளாம். "ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறாண்ணே" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு டிக்கியின் மேல் அழகுக்கு ஒரு இறக்கை மாட்டுவதற்காக வண்டியை விட்டுப் போயிருக்கிறார். ஐந்து மணிக்கு எடுக்க வருவார்.

அந்த மனுஷருக்கு வாய்த்தது இது.

"பாக்குறவனெல்லாம் மெச்சுற வண்டிம்மா. உங்களுக்கு மட்டும் ஏன் பொறுக்கல?"

அவள் தரையில் கிடந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள். பெரிய ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்க வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றாள். இதைக் கேட்க வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

காதுக்காரருக்கு ஆறவில்லை. குடிக்காத, கூத்தடிக்காத ஆம்பளைக்கு ஒரே ஒரு ஆசை, அதையும் கெடுத்தால்தான் தூக்கம் வருமா என்று கேட்டார். புருஷன் சிரித்தால் வயிறு எரிகிற பெண்களை அவர் வாழ்க்கையில் நிறையப் பார்த்திருக்கிறார். வீட்டுச் சண்டைக்கு வாயில்லா வண்டியைப் பழிவாங்குவது எந்த ஊர் நியாயம் என்றும் கேட்டார்.

"சரி, சாருக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்" என்று போனை எடுத்தார்.

அவள் பாய்ந்து வந்து அவர் கையை, போனோடு சேர்த்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நல்லாத்தான் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"சொல்லிடாதீங்கண்ணே. ரெண்டு மாசமா அவர் வர்றதே கேக்க மாட்டேங்குது. வாசல்ல வந்து நின்ன பிறகுதான் தெரியுது."

"முன்கூட்டியே தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? வாசல்ல நின்னு மாலை போடப் போறீங்களா?"

அவள் முதல் முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சின்னவளைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வர எனக்கு ரெண்டு நிமிஷம் வேணும்ணே."