ஓர் அடி பின்னால்

தச்சர் எட்டாவது சுற்றை முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். தொடை இரண்டும் மரக்கட்டையாக இறுகியிருந்தன.

"போதும், உக்காருங்க. ஓய்வு கொடுத்தாத்தான் தசை தேறும்," என்றார் பயிற்சியாளர்.

"இன்னும் ரெண்டு சுத்து ஓடிடறேன், மாஸ்டர். வேகம் பத்தலைன்னா என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவீங்களே!"

"நல்லா கேளுங்க, மாஸ்டர். சாப்பிடும்போதே தூங்கி விழறார்," என்று பெஞ்சிலிருந்து சிரித்தாள் மனைவி.

நான்கு மாதம் கழித்துப் போட்டி நடந்தது. எல்லைக்கோடு நெருங்கியதும் தச்சர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார்.

பார்வையாளர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், வெண்ணெய் திரளும்போது தாழியை உடைக்கிறியே!"

பக்கத்திலிருந்த பயிற்சியாளர் சிரித்தார். "ஓட்டம் அவருக்கு இல்லைங்க, அவர் சம்சாரத்துக்கு. அந்தம்மாவுக்குப் பார்வை கிடையாது. வழிகாட்டி முந்திட்டா ஜெயிச்சாலும் செல்லாது."

மைதானத்தில் இருவர் மணிக்கட்டையும் இணைத்த கயிறு இன்னும் அவிழவில்லை.

"என்னங்க, நாம எத்தனாவது?"

"நீ முதல்ல. நான் ஓர் அடி பின்னால."

"அப்ப நாளையிலேருந்து இன்னும் வேகமா ஓடலாமா?"

தச்சர் தொடையைத் தடவிக்கொண்டார். "ஓடலாமே!"