கிள்ளானில் எடுக்காத படம்

அமுதவல்லி கையைக் கழுவிவிட்டு வந்துதான் கைப்பேசியை வாங்கினாள்.

காலையிலிருந்து புளி தட்டிக் கொட்டை எடுத்ததில் விரல் நுனியெல்லாம் பிசுபிசுத்தது. கழுவியும் போகவில்லை. முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டாள்.

வீரமணி எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். பதினான்கு நாள் மலேசியாவில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தான்.

சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அண்ணன் மாதவராஜைத் தேடிப் போயிருந்தான்.

கல்யாணமான ஐந்தாம் மாதம், கிள்ளானில் ஓட்டல் வேலை என்று கிளம்பியவன் மாதவராஜ். மூன்று வருடம் ஒழுங்காகப் பேசினான். பிறகு வாரம் ஒரு முறை. பிறகு பண்டிகைக்கு. ஒரு பொங்கலன்று அமுதவல்லி கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று யாரோ ஒரு பெண் மூன்று மொழிகளில் சொன்னாள்.

அது நடந்து ஆறு வருடம்.

அண்ணன் கிடைக்கவில்லை என்று வீரமணி வந்ததுமே சொல்லிவிட்டான். உள்ளறைக் கட்டிலில் கிடந்த அம்மா காசியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அமுதவல்லி அழவில்லை. படம் ஏதாவது எடுத்திருந்தால் காட்டச் சொன்னாள். இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உயரமான இரட்டைக் கட்டடம். ரயில் நிலையம். தங்க நிற முருகன் சிலை. தமிழில் பெயர்ப்பலகை மாட்டிய கடைத்தெரு.

அவள் கட்டடத்தையும் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் விரித்து, ஓரத்தில் நடந்துபோகிறவர்களைப் பெரிதாக்கினாள். முகம் கலங்கிப் புள்ளி புள்ளியாகிற வரைக்கும் பெரிதாக்கினாள். முதுகைக் காட்டி நின்ற ஒருவனிடம் வெகுநேரம் நின்றாள்.

"அது சீனக்காரருங்க, அண்ணி."

அடுத்த படத்துக்குப் போனாள்.

இன்னும் எண்பது படங்களாவது இருக்கும். வீரமணியால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எதையாவது பேச வேண்டும் என்று பேசினான். படத்தில் என்ன இருக்கிறது, எடுக்க முடியாமல் விட்டதுதான் அதிகம் என்றான்.

நடைபாதையில் ஒரு சீனத்துக் கிழவி, தகர டப்பாவில் காகிதச் சட்டை ஒன்றைக் கொளுத்திக்கொண்டிருந்தாளாம். செத்துப்போன புருஷனுக்கு மேலே போய்ச் சேருமாம். எடுக்கலாம் என்று பார்த்தால் கைப்பேசியில் சார்ஜ் இல்லை.

இன்னொரு நாள் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் போன பைக்குகள் எல்லாம் பாலத்துக்கு அடியில் ஒதுங்கிவிட்டன. முன்பின் தெரியாத ஆட்கள் ஒருவருக்கொருவர் ரெயின்கோட் மாட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அன்றைக்கு வீரமணியின் கைப்பேசி நனையாமல் இருக்க நாலு மடிப்பு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது.

இந்த இரண்டைத்தான் அவன் சொல்ல நினைத்திருந்தான்.

பள்ளிக்கூடம் விடும் நேரம், என்று மூன்றாவதைத் தொடங்கிவிட்டான். ஒரு ஆள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தான். பாதி ரோட்டில் குழந்தையின் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. அந்த ஆள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைக் கட்டினான். சரியாக வரவில்லை போலிருக்கிறது, அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

அமுதவல்லியின் விரல்கள் நின்றுவிட்டன.

மீதிப் படங்களைப் பார்க்காமல் கைப்பேசியை அணைத்து அவனிடம் நீட்டினாள்.

"அத ஏன் எடுக்கல?"

"எடுக்கலாம்னு தூக்குனேனுங்க அண்ணி. கை வரல."

வெளியே லாரி ஒன்று போய்ச் சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"கொழந்த அவராட்டமே இருக்குதுங்களா, தம்பி?"

வீரமணி தலையைக் குனிந்துகொண்டான். விமானத்தில் நாலு மணி நேரமும் விதவிதமான பொய்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவன் அவன். அதில் ஒன்றுகூட இப்போது வாய்க்கு வரவில்லை.

"அது பொண்ணுங்க," என்றான். "அண்ணன் என்னையும் பார்த்துச்சு. பார்த்துட்டுத்தான் போச்சுங்க."

அவள் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். தரையில் ஒட்டிக் கிடந்த ஒரு புளியங்கொட்டையை நகத்தால் பெயர்த்து எடுத்து முறத்தில் போட்டாள்.

உள்ளேயிருந்து காசியம்மாள் கூப்பிட்டாள். காது மந்தம், ஆனால் பேச்சு நின்றால் தெரிந்துவிடும். "என்னடி, என்ன சொல்றான்?"

அமுதவல்லி எழுந்து அறை வாசலில் போய் நின்றாள்.

"அவரு வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டாராமுங்க அத்தை," என்று சத்தமாகச் சொன்னாள். "நல்லா இருக்காராம். அடுத்த வருசம் தம்பி அங்க போயிப் பார்க்கறேங்குது."

கட்டில் கிறீச்சிட்டது. கிழவி இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அந்த ஊருக்கு என்ன பேரு?"

அமுதவல்லிக்கு அந்த நாட்டில் கிள்ளானைத் தவிர வேறு ஊர்ப் பெயர் தெரியாது. திரும்பி வீரமணியைப் பார்த்தாள்.

"பினாங்கும்மா," என்றான் அவன்.

காசியம்மாள் மறந்துவிடாமல் இருப்பதற்காக அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.