நான் பாஸ் போட்ட நாய்கள்

ராணி உட்காரவே மாட்டாள்.

வெடிமருந்து வாசனை கிடைத்தால் நாய் உட்கார வேண்டும். அது என் சட்டம். ராணியோ ஆணி அடித்தாற்போல் நிற்பாள். இரண்டு தடவை பெயில் போட்டேன். மூன்றாவதிலும் தவறினால் அவளை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவளைப் பழக்கிய ஜெஸ்மினும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு அதில் மனவருத்தம் கிடையாது. கண்டி ஹோட்டல் வாசல்களில் பெட்டிகளை மோப்பம் பிடிக்கும் நாய்களில் முக்கால்வாசி நான் பழக்கியவை. சான்றிதழ் கொடுப்பவனும் நான்தான். பதினொரு வருடத்தில் நான் பாஸ் போட்ட நாய் ஒன்றுகூட மறுபரீட்சையில் தவறியதில்லை.

ஆளுக்கொரு சட்டம் கூடாது, எல்லா நாய்க்கும் ஒரே பரீட்சை வேண்டும் என்று ஜெஸ்மின் கொழும்புத் தலைமையகத்துக்கு எழுதிவிட்டாள். புது விதிகள் வந்தன. அவற்றோடு நிலூஷா என்ற அதிகாரியும் வந்தாள். இனி நாய் உட்காரலாம், நிற்கலாம், எதுவென்று பழக்கியவர் முன்கூட்டியே சொன்னால் போதும். வெடிமருந்தை ஒளித்து வைப்பவர் மட்டும் நாய்க்குப் பழக்கமில்லாதவராக இருக்க வேண்டும்.

கடுகண்ணாவையில் பழைய தேயிலைக் களஞ்சியம் ஒன்றில் பரீட்சை. நிலூஷா கையுறை போட்டுக்கொண்டு பத்துத் தகர டின்களை வரிசையாக அடுக்கினாள். எதில் மருந்து என்று எனக்கும் சொல்லவில்லை.

வரிசை முடிகிற இடத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் என் நாய்களை விடச் சொன்னேன். பரீட்சை என்றால் என்னவென்று ஜெஸ்மின் பார்க்கட்டும்.

என் உதவியாளன் ஃபாஸில் சீசரைக் கொண்டுவந்தான். என் நாய்களில் மகா கெட்டிக்காரன். பத்து டின்களையும் தாண்டி வந்து, என் முன்னால் உட்கார்ந்தான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஃபாஸிலைத் தேற்றினேன்.

அடுத்து டைகர். அவனும் டின்களைத் தாண்டி நேரே என்னிடம் வந்தான். உட்கார்ந்தான். என் வலது கையையே பார்த்தான்.

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

பிறகு ராணி வந்தாள். நாலாவது டின்னில் மூக்கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நிலூஷா மூடியைத் திறந்தாள். மருந்து உள்ளே இருந்தது.

ஜெஸ்மின் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் ராணியின் கழுத்தைத் தடவிவிட்டு, இன்னும் என் காலடியை விட்டு எழும்பாத டைகரைப் பார்த்தாள்.

“இத்தன வருஷமா பயிற்சியிலயும் பரீட்சையிலயும் மருந்த டின்னுக்குள்ள வச்சது யாரு சேர்?”

“நான்தாம்மா. வெறுங்கையால.”

அந்த நேரம் கண்டியின் ஹோட்டல் வாசல்களில் முப்பத்திரண்டு நாய்கள், வருகிற பெட்டிகளில் எல்லாம் என் கை வாசனையைத் தேடிக்கொண்டிருந்தன.