பார்க்க மட்டும்

நிரஞ்சனா எழுதும் கையேடுகளை மனிதர்கள் யாரும் படிப்பதில்லை. வீடுகளில் ஓடும் ஏஐ ஏஜென்ட்கள்தான் படிக்கும், அதுவும் ஒரு வரி விடாமல். இந்த முறை வந்த கருவி எளிமையானது. வீட்டு நெட்வொர்க்கில் யாருக்கு எதைப் பார்க்கத் தடை என்று பட்டியல் போடும், எதையும் மாற்றாது. கையேட்டுக்கு மாதிரிப் பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. சோம்பல்பட்டுத் தன் வீட்டுப் பட்டியலையே ஒட்டி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை தென்காசியிலிருந்து மாமியார் வசுமதி கூப்பிட்டார்.

"என் ஏஜென்ட் உன் கையேட்டப் படிச்சிருக்கு. 'வசுமதி, சமையலறை கேமரா, தடை'ன்னு போட்டிருக்கியாமே. எந்த வசுமதி?"

"அது சும்மா ஒரு உதாரணம், அத்தை."

"சரி, இருக்கட்டும். படிச்ச கையோட அந்தக் கருவிய இங்கயும் ஓட்டிப் பாத்துட்டு, உன் மாமா காதுபடவே வாசிக்குது. 'நிரஞ்சனா, சுகர் மீட்டர், தடை'ன்னு."

நிரஞ்சனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மீட்டர் ரிப்பேர்னு சொன்னீங்களே அத்தை. ஆறு மாசமா."

"இந்தத் தடைய ஏஜென்ட்டே எடுத்துடுமா?" என்று கேட்டார் வசுமதி.

"எடுக்காது. அதுக்குப் பார்க்க மட்டும்தான் தெரியும். போட்டவங்கதான் எடுக்கணும்."

"அப்ப நீ முதல்ல எடு."

"நீங்க எடுங்க அத்தை, பெரியவங்க."

கடைசியில் இருவரும் சேர்ந்து எடுப்பதென்று முடிவானது. வசுமதி நிதானமாக மூன்று வரை எண்ணினார். இரண்டு வீட்டு ஏஜென்ட்களும் பட்டியலை மறுபடி வாசித்தன.

ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை.