தட்டு மறையும் ஆழம்

"எழுதிக்கோம்மா. வந்திருக்கறவங்க நாலு பேர். ஏரி ஆராய்ச்சிப் பேராசிரியர், அதாவது நான். ஆராய்ச்சி மாணவி, நீ. படகுக்காரர். அப்புறம்... சாயப்பட்டறை முதலாளி."

"தம்பின்னு சொன்னா வாய் வெந்துடுமா?" என்றார் முதலாளி, ஏரியைப் பார்த்தபடி.

"அப்பா, சும்மா இருங்க," என்று மாணவி அதட்டினாள். "பெரியப்பா, நீங்களும்தான்."

படகுக்காரர் சிரிப்பை மறைக்கக் குனிந்து துடுப்பைத் துடைத்தார்.

அண்ணனும் தம்பியும் பேசி ஒரு வருடம் ஆகிறது. பத்து வருடமாக ஏரி கலங்கிக்கொண்டே வருகிறது என்று அண்ணன் அளந்து சொன்ன கணக்கை வைத்துத்தான் தம்பியின் பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். அவர்கள் இருவரின் அப்பா கட்டிய பட்டறை. தெருவில் தலை நிமிர்ந்து நடந்த குடும்பம்.

இன்று மறு அளவு. பட்டறையை மூடியும் ஏரி தெளியவில்லை என்றால் பழி நீங்கும், பூட்டைத் திறப்பார்கள். தெளிந்திருந்தால், குற்றவாளி யார் என்று தண்ணீரே சொல்லிவிடும். எதுவானாலும் நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்று முதலாளி சலவைச் சட்டையும் விறைத்த முதுகுமாக வந்து உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு எப்படா இவ்வளவு நரைச்சுது?" என்றார் அண்ணன் திடீரென்று.

"பூட்டுப் போட்ட அன்னைக்கு."

வேலை என்னவோ எளிதுதான். வெள்ளையும் கறுப்பும் பூசிய தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் ஏரியின் தெளிவு.

முதலாளி எட்டிப் பார்க்க எழுந்தார்.

"உக்காருடா! ஆளுக்கு ஆள் பார்வை மாறும். ஆரம்பத்துலேர்ந்து நான் ஒருத்தன்தான் பார்க்கறேன். அதான் முறை."

"எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சா, தட்டுக்கு முன்னாடி நாம போய்ச் சேர்ந்துடுவோம் முதலாளி," என்றார் படகுக்காரர்.

மாணவி கயிற்றை விட்டாள். "மூணு மீட்டர், பெரியப்பா. போன தடவை இங்கதான் மறைஞ்சுது."

"தெரியுது. விடு."

முதலாளி இறங்கும் கயிற்றையே பார்த்தார்.

"நாலு!"

"பளிச்சுனு தெரியுது. விடும்மா, விடு!"

"அஞ்சு... ஆறு! பெரியப்பா, நிஜமாவா?"

"கையை நிறுத்தாதே!"

படகுக்காரர் தான் சொன்னதையே மறந்து எழுந்து நின்றுவிட்டார். படகு ஆடியது. "எட்டு!" என்று அவள் கத்திய கத்தலில் கரையோரப் பறவைகள் எழும்பின.

"மறைஞ்சிடுச்சு! எட்டு! முதல் வருஷம் இருந்த அதே எட்டு!" பேராசிரியர் குழந்தையைப் போலப் படகை ஓங்கித் தட்டினார். "ஏரி பொழைச்சிடுச்சும்மா!"

கை தட்டப் போனவள், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அப்போ நான்தான் கெடுத்திருக்கேன்," என்றார் முதலாளி. குரல் உடையவில்லை. "பூட்டைத் திறக்கவே வேண்டாம்ணே. கட்டடத்தையே இடிச்சிடறேன். நம்ம குடும்பத்துப் பேரால இதுல இனிமே ஒரு சொட்டு விழக் கூடாது."

"டேய் தம்பி!" அண்ணன் பாய்ந்து கட்டிக்கொண்டார். மகள் இருவர் மேலும் விழுந்தாள்.

"ஐயா, கரையில போய்க் கட்டிக்குங்க!" என்று அலறினார் படகுக்காரர்.

சொன்ன சொல் தவறாமல் முதலாளி அடுத்த வாரமே பட்டறையை இடித்தார். சாயப்பட்டறை மூடியதால்தான் ஏரி தெளிந்தது என்று ஊர் இன்றும் பேசுகிறது.

அது தவறு. ஏரி கலங்கவும் இல்லை, தெளியவும் இல்லை. பத்து வருடமாகப் பேராசிரியரின் கண்களில் முற்றிவந்த புரையை, அந்த அளவெடுப்புக்கு முந்தைய மாதம்தான் அறுத்து எடுத்திருந்தார்கள்.