தரையில் இறங்கிய எழுத்து

இராஜபாளையத்துக்கு வெளியே, பேண்டேஜ் துணி காயும் களத்தில் மாலை வெயில் சாய்கிறது. கொடிகளில் தொங்கும் வெள்ளைத் துணிகளுக்குள் புகுந்து வரும் வெளிச்சம், சிமெண்டுத் தரையில் மண்டியிட்டிருக்கும் சௌதாவின் கைகளில் பால்போல் விழுகிறது. களத்தைத் தாண்டியுள்ள தரிசில் ஆஸ்பத்திரிக் குப்பையை எரிக்கும் ஆலை வரப்போகிறது. வந்தால் அதன் சாம்பல் இந்தத் துணிகளில்தான் படியும். அப்புறம் புண்ணில் கட்ட இதை யார் வாங்குவார்கள்? நாளைக் காலை அதிகாரிகள் இடம் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன் பிடிப்பதற்காக, கைக்கெட்டிய துணியையே விரித்து, ‘எரிக்கும் ஆலை வேண்டாம்’ என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி முடித்திருக்கிறாள். அவள் கணவன் அப்துல் ரவூப் துணியைத் தூக்கிப் பிடிக்கிறான். எழுத்து தெரியவில்லை, துணி வழியே மலை தெரிகிறது.

“ஏட்டி, வலை மாதிரி துணியில போயா எழுதுன?”

“நாம நெய்யிறது இதுதான? வேற துணி ஞாபகமே வரல” என்கிறாள்.

அவன் கீழே பார்க்கிறான். துணியின் கண்களுக்குள் இறங்கிய பெயிண்ட், தரையில் முழு வாக்கியமாய்ச் சிவந்து கிடக்கிறது. அழிக்க மண்ணெண்ணெய்க்குப் போகிறவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான்.

“கெடக்கட்டும்ட்டி. அவிய இதைத் தாண்டித்தான அங்க போவணும்.”

துணியின் ஓரத்தைக் கிழித்து, காயத்துக்கு மருந்திடுபவனைப்போல, அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறான்.