பக்கவாட்டு முகம்

மேசை விளக்கடியில் ஒரு பக்கவாட்டு முகப்படத்தை வைத்துக்கொண்டு பல் டாக்டர் உச்சுக் கொட்டினார்.

“கன்னம் தட்டை. மேலுதடு உள்வாங்கியிருக்கு. பார்க்கிறவங்க கீழ்த்தாடை நீளம்பாங்க. உண்மையில மேல்தாடைதான் பின்தங்கிடுச்சு.”

மனைவி எட்டிப் பார்த்தாள். “அச்சு அசல் என் முகம்! என்னையும் முதல்ல பார்த்தப்ப இப்படித்தான் ஆராய்ஞ்சீங்களா?”

“ஆமா. அப்புறம் நீ சிரிச்சே. எல்லாம் மறந்துபோச்சு.”

“சரி, இதுக்கு என்ன வைத்தியம்?”

“எட்டு வயசுல ஆரம்பிச்சா ஆபரேஷன் இல்லாமலே சரியாகலாம். இப்பவே டைரியில குறிச்சுட்டேன்.”

அவள் அந்த ஸ்கேன் படத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, தன் ஏழு மாத வயிற்றைத் தடவினாள்.

“கண்ணு, நீ பயப்படாம பிறந்து வா. வந்து அப்பாவைப் பார்த்து ஒரு தடவை சிரி, போதும்.”